கால் விரல் பரீட்சை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் கொழுந்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் துணிக்கடையில், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், துணி வெட்டும் மேஜைமேல் வைத்து எழுதுகிறேன். முதலாளி பார்த்தால் ஸ்டாக் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அத்தானையும் அந்த மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கப்போகிறார்கள், அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறார் என்று போன வாரம் சொன்னீர்கள். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வியாதியிலுமா இப்படிப் பங்கு போடுவார்கள்? அதே குடல், அதே கட்டி, அங்கிருந்து ஈரல். இப்போது அதே மருந்து. "தம்பி எவ்வளவு நாளா எடுத்துக்கிறான், ஒரு தொந்தரவும் இல்லயாம்" என்று அத்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். 

தொந்தரவு இருக்கிறது அக்கா. இவருக்கு இரண்டு காலும் கணுக்கால்வரை மரத்துவிட்டது.

மருந்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெரிய டாக்டர் எங்களைக் கைவிட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். அதற்கப்புறம் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்து, கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதேன். லீவை முடித்துக்கொண்டு இவர் மறுபடி பஸ் ஓட்டப் போனார். உடம்பு தேறிவிட்டது என்று ஊருக்குக் காட்ட இவருக்கு வேறு வழி தெரியவில்லை.

கால் விஷயம் எனக்குத் தெரிந்தது ஒரு கண்ணாடி டம்ளரால். அது கைதவறி விழுந்து, ஒரு சில்லு எப்படியோ பெருக்கியதில் தப்பிவிட்டது. இவர் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "தரையில என்னத்தக் கொட்டி வச்சிருக்க, இப்படி வழுக்குது" என்று என்னைத்தான் திட்டினார். பார்த்தால் ரத்தம். குதிகாலில் சில்லு முழுசாக இறங்கியிருந்தது. நான் பிடுங்கினேன். இவர் தன்பாட்டுக்குச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொல்லலாம் என்றால் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். காரணம் எங்கள் தபால்காரர். செவ்வாய்க்கிழமைகளில் மருந்து ஏற்றிக்கொள்ள வரும் கூட்டத்தில் அவரும் ஒருவர், நல்ல மனிதர். கால் மரத்துப்போச்சு என்று அவர் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் போய்ச்சேர்ந்துவிட்டார். உண்மையில் அவரும் கடைசிவரை மறைத்து, சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாத நிலையில்தான் வாயைத் திறந்தார். முன்னாடியே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்துக் கொடுத்திருப்போம் என்று நர்ஸ் எங்களிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அது யார் காதில் ஏறியது? சொன்னார், நிறுத்தினார்கள், செத்தார். எங்களுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்தக் காத்திருப்பு அறை டியூஷன் சென்டராகிவிட்டது. கேள்வியாகக் கேட்பதால் அந்த நர்ஸுக்கு டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்துவது ஒரு வீட்டு புரோக்கர். அவருக்கும் இதே வியாதிதான், வாய் மட்டும் குறையவில்லை. கண்ணை மூடச் சொல்லி டீச்சர் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள், எந்த விரல் என்று சொல்லவேண்டும். அவள் எப்போதும் கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரலில்தான் முடிப்பாள், அதனால் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் போதும். பிறகு இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கணுக்காலில் வைப்பாள், அதிர்வு நின்றதும் சொல்லவேண்டும். காதைக் கூர்மையாக்கி ரீங்காரத்தைக் கேளுங்கள், அது அடங்கினதும் "நின்னுடுச்சு" என்று சொல்லுங்கள் என்பார் புரோக்கர். கடைசியில் நேர்கோட்டில் நடக்கச் சொல்வாள், அதற்காக இவர் வீட்டில் தரை ஓட்டின் கோட்டைப் பிடித்து நடந்து நடந்து பழகுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பார்.

எல்லோரும் பாஸ். "வீட்டுல எப்படிம்மா இருக்கார்" என்று டீச்சர் என்னையும் கேட்பாள். நல்லா இருக்கார் என்பேன்.

போன தடவை அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க குரூப்ல இப்ப யாருக்குமே நரம்புத் தொந்தரவு இல்லம்மா. அதனால அடுத்து வர்றவங்களுக்கு டோஸ் ஏத்திக் கொடுக்கப்போறாங்க" என்றாள். அடுத்து வருபவர்கள் யார் அக்கா? உங்கள் ஊரில் அடுத்த வாரம் கையெழுத்துப் போடுபவர்கள்தானே?

அத்தானைத் தடுத்துவிடுங்கள். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்மேல் பழி போடுங்கள், பரவாயில்லை. டாக்டரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே சொன்னால் இங்கே வந்து சேர்ந்துவிடும், எல்லாம் ஒரே ஆராய்ச்சி. இவர் என் கண்முன்னால் நடமாடிக்கொண்டிருக்கிறார் அக்கா. எனக்கு அது போதும்.

இதற்குமேல் உள்ளதை மறுநாள் எழுதுகிறேன். நேற்றே உறையில் போட்டு ஒட்டியிருக்கவேண்டும். தபால்பெட்டிவரை போக மனசு வராமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

இன்று காலை இவர் ஓட்டிய பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. திட்டின்மேல் ஏறிவிட்டது. அங்கே வேலைக்குப் போக நின்றிருந்த ஒரு பெண்ணின் கால் முன்சக்கரத்துக்கும் திட்டின் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். என் வயதோ, ஒன்றிரண்டு குறைவோ. யார் பெற்ற பெண்ணோ, யார் காத்திருக்கும் வீடோ. கண்டக்டர்தான் இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

செருப்பு வழுக்கிவிட்டது என்று போலீஸிலும் டெப்போவிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் உண்மையைச் சொன்னார். "பிரேக்மேலதான் கால் இருக்குதுன்னு நெனச்சேன். அழுத்தினேன். வண்டி பாய்ஞ்சிடுச்சு. குனிஞ்சு பார்த்தப்புறம்தான் கால் எங்க இருக்குதுன்னே தெரிஞ்சுது" என்றார். அழுதார். நானும் அழுதேன். இத்தோடு மறைப்பதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "செவ்வாக்கிழமைக்கு அந்த நீலச் சட்டையத் தேய்ச்சு வை" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை அக்கா. பயம் வந்தது. பிழைக்கவேண்டும் என்ற ஆசை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பயம். அதைவிட, நானும் தேய்த்து வைத்துவிடுவேனோ என்று பயம்.

நீயே அந்த நர்ஸிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சாயங்காலம் போனேன். அவள் அறை வாசல்வரை போனேன். "என்னம்மா, சாருக்கு ஏதாவதா?" என்று எழுந்து வந்தாள். அடுத்த தடவை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என் வாயால் வராது. எழுதினால்தான் வரும்.

டாக்டரிடம் சொல்லாதீர்கள் என்று நேற்று எழுதியதை நான் அடிக்கவில்லை. அப்படி எழுதியவளும் நான்தான் என்று உங்களுக்குத் தெரியட்டும். இன்று சொல்கிறேன், இந்தக் கடிதத்தை அப்படியே உங்கள் டாக்டர் கையில் கொடுங்கள். அத்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொடுங்கள். எழுதியது யார், யாருடைய மனைவி, எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் சொல்லுங்கள். புரோக்கர் என்னைச் சபிப்பார். சபிக்கட்டும். அவருக்கும் கால் இருக்கிறது.

இவருக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள். இந்த அளவு முற்றிய பிறகு குறைத்துக் கொடுப்பார்கள் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அதை இங்கே எழுதவேண்டாம். அத்தானை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் ஒருவராவது தன் காலால் நடக்கட்டும்.

கடிதத்தைக் கொடுத்த விவரம் எனக்குச் சொல்லவேண்டாம். அன்றைக்கு இவரைக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று எப்போதும்போல் விசாரியுங்கள். உங்கள் குரல் என்றால் இவருக்கு உயிர்.

நான்தான் எழுதினேன் என்று தெரியவரும்போது இவர் என்னோடு பேசமாட்டார். இவர் கோபம் இறங்க நாளாகும், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். எனக்காக ஏதாவது வேண்டிக்கொள்வதாக இருந்தால், அந்தக் கோபம் இறங்கும்வரைக்குமாவது இவருக்கு ஆயுசு இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்த மருமகள்,
உங்கள் தங்கை.