இந்த ஊர் ருசி இல்லை

9 ஜனவரி 2005, ஞாயிறு

மதியம் ரெஜிஸ் சாப்பிட வந்தான், கையில் லேபிள் ஒட்டாத பாட்டிலோடு. பதினாறு வருஷம் அர்ஜென்டினாவில், மெண்டோசாவில், அடுத்தவன் தோட்டத்துக்கு ஒயின் செய்துகொடுத்துவிட்டு, 2003 கடைசியில்தான் ஊர் திரும்பினான் என் தம்பி. ஆற்றுக்கு அக்கரையில் கொஞ்சம் திராட்சைக் கொடியைக் குத்தகைக்கு எடுத்தான். இது அவன் சொந்தமாகச் செய்த முதல் ஒயின்.

"நீ இன்னும் வாயில வைக்கவே இல்லியேக்கா."

முட்டைக்கோஸ் சூப் முடிகிற நேரம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த சூப்பிலேயே ஒயினை ஊற்றிக்கொண்டு, எனக்கும் ஊற்றினான். இரண்டு பேரும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தோம், அப்பா குடிப்பது போலவே. அப்புறம் தனியாக கிளாஸில் ஊற்றிப் பார்த்தேன்.

நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. எங்கள் ஊர் மால்பெக் திராட்சையின் ஒயின் முதல் நான்கைந்து வருஷம் வாயைப் பிடித்து இழுக்கும், பச்சை வால்நட் தோலைக் கடித்த மாதிரி. அப்புறம்தான் வழிக்கு வரும். இவனுடையது இப்போதே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பிளம்ஸ் பழுத்த வாசனை. ஃபிர்மன், என் வீட்டுக்காரர், இருபது வருஷமாக என் ஒயினை மருந்து மாதிரி குடிக்கிறவர், மூன்றாவது தடவை கிளாஸை நீட்டினார்.

"மாமா, மெதுவா. இதுக்கு அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம்தான், அஞ்சு நிமிஷமாவது காத்திருங்க" என்றான் ரெஜிஸ். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன், போகட்டும்.

14 ஜனவரி

கவாத்து. விரல் மரத்துப் போச்சு. அக்கரையில் அவன் பாடிக்கொண்டே வெட்டுகிறான், இங்கே வரைக்கும் கேட்கிறது.

30 ஜனவரி, ஞாயிறு

ரெஜிஸ் ஐந்து பாட்டிலைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு மறைத்துக்கொண்டு வந்தான். எல்லாம் சிவப்பு. "எந்த நாடுன்னு சொல்லுக்கா, பாப்போம். உன் தலைக்கனம் எவ்வளவுன்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும்."

முதலாவது இத்தாலி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, புளிப்பு முன்னால் வந்து நிற்கும், உடனே ஏதாவது கறி இருக்கிறதா என்று நாக்கு தேடும். இரண்டாவது ஸ்பெயின். திராட்சைக்கு முன்னால் பீப்பாய் பேசுகிறது, வெனிலா, தேங்காய். மூன்றாவதில் பச்சைக் குடமிளகாய் வாசம், சிலி. நான்காவது மெண்டோசா. நம்ம மால்பெக்தான், ஆனால் மலை வெயிலில் வளர்ந்து ஊருக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளை மாதிரி, கன்னம் புசுபுசுவென்று, கோபமே இல்லாமல்.

ஐந்தாவதை ஒரு வாய் குடித்தேன், மறுபடியும் ஒரு வாய்.

"என்ன, மாட்டிக்கிட்டியா?"

"இது உன்னுது."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நாடு சொல்ல முடியல. அதனாலதான்."

உண்மையைச் சொன்னேன். முன்பாதி அங்கே. நாக்கில் விழுந்ததும் பழம், வெயில். பின்பாதி இங்கே. முழுங்கி, பத்து எண்ணினால் மெதுவாக வருகிறது, எங்கள் சுண்ணாம்புக் கல், இரும்பு, அந்தத் துவர்ப்பு. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே. "அதுதான்க்கா, அந்தப் பின்பாதிக்குத்தான் நான் திரும்பி வந்தேன்" என்றான்.

கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னான். துலூஸில் ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறாராம். ஒரே நிபந்தனை, லேபிளில் எங்கள் வட்டாரத்தின் பெயர் இருக்கணும். அந்தப் பெயரைப் போட ருசிக் குழு சம்மதிக்கணும். அது நடந்தால் இங்கேயே இருப்பான், குத்தகையை நீட்டிப்பான். நடக்கவில்லை என்றால் மெண்டோசாக்காரர்கள் இன்னும் அவன் இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறார்களாம்.

"நீதான் குழுவில இருக்கியேக்கா."

"மூடி வெச்சுத்தான் தருவாங்க. யாருதுன்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியும், தெரியும். சும்மா சொன்னேன்."

22 பிப்ரவரி, செவ்வாய்

ருசிக் குழு. பதினெட்டு ஒயின். ஒன்று தள்ளப்பட்டது. தலைவலி. நாளைக்கு எழுதுகிறேன்.

23 பிப்ரவரி

எழுத முடியவில்லை.

26 பிப்ரவரி

எழுதித்தான் ஆகணும்.

நாங்கள் ஐந்து பேர். தனித்தனி மேஜை, பேச்சு கிடையாது. பாட்டிலுக்கு உறை, உறையில் எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த ஊர் ருசி உண்டா? மூன்று பேர் இல்லை என்றால் பெயர் கிடையாது. சீட்டில் நம் பெயர் எழுதுவதில்லை.

பதினோராம் எண். அதற்கு இரண்டு 'உண்டு', மூன்று 'இல்லை' என்று கடைசியில் படித்தார்கள். மூன்றில் ஒன்று என்னுடையது.

தெரியாமல் செய்தேன் என்று நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்தது. மூணு வாரத்துக்கு முன்னால் காலுறைக்குள்ளிருந்து வந்ததை என் மூக்கு மறந்துவிடுமா? வாயில் வைத்தேன். பழம் வந்தது, வெயில் வந்தது. அந்த இடத்தில் நான் பொறுத்திருக்கணும். துப்பினால்கூடப் பின்பாதி வரும், பத்து எண்ணினால் போதும். நான் எண்ணவில்லை. துப்பினேன், உடனே ஒரு வாய் தண்ணீர், உடனே பன்னிரண்டாம் எண்ணை எடுத்துவிட்டேன். பின்பாதி வர இடமே கொடுக்கவில்லை. பிறகு பதினொன்றின் சீட்டில் 'இந்த ஊர் ருசி இல்லை. வேறு நாட்டு ஒயின் போல் உள்ளது' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

ஏன்? அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் நான் இங்கே இருந்தேன். ஆலங்கட்டி மழையில் மொத்தமும் போன வருஷம் நான் இருந்தேன். இவன் அங்கே. வந்து ஒரே அறுவடை, ஊரே அவன் ஒயினைப் பேசுது. என் புருஷன் மூணாவது கிளாஸ் கேக்கறார். என் ஒயினை இருபது வருஷத்தில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லை.

இதெல்லாம் காரணமா? காரணம்தான். ஆனால் சீட்டில் எழுதுகிற காரணம் இல்லையே.

6 மார்ச், ஞாயிறு

குழுவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரெஜிஸ் சாப்பிட வந்தான். "இந்த ஊர் ருசி இல்லியாம், மாமா. பதினாறு வருஷத்துல அந்த ஊர் ருசி கையில ஒட்டிக்கிச்சு போல." சிரிக்கத்தான் பார்த்தான்.

ஃபிர்மன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எவன் அவன்? மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லியா அவனுக்கு?"

நான் வாத்துக்கறியைப் பரிமாறினேன். ரெஜிஸ் தட்டில் பெரிய துண்டாகப் போட்டேன்.

துலூஸ்காரர் போனில் மரியாதையாகத்தான் சொன்னாராம், பெயர் இல்லாவிட்டால் வேண்டாம் என்று. இன்னொரு முறை குழுவுக்கு அனுப்பலாம், இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன உரிமையில் சொல்வேன்?

13 மார்ச்

பெரியவர் ஆன்செல்மிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். குழுவிலேயே மூத்தவர், எழுபத்தெட்டு வயது, அப்பாவின் கூட்டாளி. கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். மழை இல்லாததைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

27 மார்ச்

ஈஸ்டர். அவன் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

10 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நடந்தே பாலத்தைத் தாண்டிப் போனேன். அவன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளேயே, "தெரியும்க்கா" என்றான்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு வாத்துக்கறி போட்டியே, என் முகத்தை ஒரு தடவைகூடப் பாக்கல. சின்ன வயசுல என் சைக்கிளை உடைச்சப்பவும் அப்படித்தான் இருந்தே."

குழுவிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன், மறுபடி அனுப்பு என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "எதுக்கு? எங்க அக்காவே வேணும்னே தள்ளிட்டாள்னு ஊர் முழுக்கப் பேசறதுக்கா?" குழாயை மூடினான். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஒயினைப் பாத்துத் தள்ளினியா, என்னைப் பாத்துத் தள்ளினியா?"

"உன்னைப் பாத்துத்தான்டா."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். "சரி. அப்ப ஒயின் மேல தப்பில்ல. எனக்கு அது போதும்."

திட்டியிருக்கலாம் அவன். நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதாவது தொலைத்திருப்பேன்.

ஒயினை மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிட்டான். ஏதோ ஒரு கலவையில் போய்விடும். எந்த ஊர் என்று எங்கேயும் இருக்காது. எனக்கென்று ஒரு பெட்டி மட்டும் எடுத்துவைத்திருந்தான். வேண்டாம் என்றேன். "கொண்டு போக்கா, மாமாவுக்குப் பிடிக்கும்ல."

3 மே

ரெஜிஸ் போய்விட்டான். ரயிலடிக்கு ஃபிர்மன் மட்டும் போனார். அவரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

19 மே

ருசிக் குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினேன். காரணம் கேட்டார்கள். இப்போதெல்லாம் மூக்கு சரியில்லை என்றேன். அங்கேயும் உண்மை சொல்லத் துணிச்சல் வரவில்லை.

24 டிசம்பர் 2006

மெண்டோசாவிலிருந்து வாழ்த்து அட்டை. ஒன்றரை வரி. அதையே நாலு தடவை படித்தேன்.

8 பிப்ரவரி 2007

அக்கரையில் டிராக்டர். நிலத்துக்காரி ரெஜிஸ் வைத்திருந்த கொடிகளை வேரோடு பிடுங்குகிறாள். குத்தகைக்கு யாரும் வரவில்லையாம், வால்நட் மரம் வைக்கப் போகிறாளாம். நாள் முழுக்கச் சத்தம். ஃபிர்மன் ஜன்னலைச் சாத்திவிட்டு ரெஜிஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

16 நவம்பர் 2008, ஞாயிறு

ஆன்செல்ம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். ரெஜிஸ் கொடுத்துவிட்டுப் போன அந்த ஒயின் பெட்டியை மூன்றரை வருஷமாக நான் தொடவே இல்லை. இன்றைக்கு என்ன தோன்றியதோ, ஒன்றை எடுத்து, பாட்டிலைக் காட்டாமல் உள்ளேயே ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன்.

பெரியவர் மோந்து பார்த்தார், வாயில் வைத்தார், முழுங்கினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"இது நம்ம ஊரும்மா. சந்தேகமே வேண்டாம். கல்லு, இரும்பு, எல்லாம் இருக்கு. வெளிநாட்டுக்காரன் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இது வராது. யாருது?"

நானும் குடித்தேன். பழம் அடங்கிப்போயிருந்தது. வெயில் எங்கேயோ பின்னால். பின்பாதி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு விட்டது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, வாய் முழுக்க எங்கள் மண்.

"ரெஜிஸோடது. பதினோராம் நம்பர். அதைத் தள்ளின மூணு பேர்ல நான் ஒருத்தி. தெரிஞ்சுதான் தள்ளினேன்."

ஆன்செல்ம் கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் 'உண்டு'ன்னு எழுதினேன்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு, "எங்கிட்ட ஏன் சொல்றே? அவன்கிட்ட சொல்லு, இது இப்ப எப்படி இருக்குன்னு. அங்க இப்ப காலைலதானே?"

போன் செய்தேன். அவனே எடுத்தான். ஒயினைத் திறந்தேன் என்றேன். "எப்படி இருக்கு?" என்று கேட்ட குரலில் அவசரம் இருந்தது, சின்னப் பையன் குரல். நான் வாயில் வந்ததை வந்தபடி, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நம்ம ஊர் ருசிடா," என்றேன். "வந்துடுடா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். வந்துடு."

"எங்கக்கா வர்றது?" என்றான். "அங்க கொடியே இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் யாரோ அவனை ஸ்பானிஷில் கூப்பிட்டார்கள், அவனும் அதிலேயே பதில் சொன்னான், வேலை இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.