வாயாடி நீந்திய ஐம்பது மீட்டர்

அனுப்புநர்:
நேரம் குறிப்பவர்,
இளையோர் நீச்சல் சங்கம்,
பொது நீச்சல் குளம்.

பெறுநர்:
இளையோர் போட்டிகள் அலுவலர் அவர்கள்,
விளையாட்டுத் துறை அலுவலகம்.

பொருள்: நோய்த்தொற்றுக் காலத்தில் நடந்த நீச்சல் போட்டியில் பதின்மூன்று வயது மாணவி ஒருவர் “நீந்தி முடிக்கவில்லை” எனத் தவறாகப் பதிவானது – திருத்தமும் மறுவாய்ப்பும் கோருதல் – மனுதாரர் தம் மீதே கூறும் புகார் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. பிள்ளைகளுக்கான போட்டியைப் பாதுகாப்போடு நடத்தலாம் என்று தாங்கள் அனுமதி தந்தபோது, அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தவள் நான். ஆறு பாதைகளில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றில் மட்டும் நீச்சல். உடை மாற்றும் அறைக்குப் பூட்டு. நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி. முகக்கவசத்தோடு விசில் ஊத முடியாது என்பதால் கைமணி. பெற்றோர் சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவில். ஒரு பாதைக்கு மூன்று பேர் நேரம் குறிப்பதுதான் வழக்கம். கூட்டத்தைக் குறைக்க அதை ஒருவராகச் சுருக்கியதும் நானேதான்.

2. போட்டி நல்லபடியாக நடந்தது. அதன் பிறகும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தெருவில் நின்ற பெற்றோருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாததால், தண்ணீர்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் யார் பிள்ளை என்று பாராமல் கைதட்டினார்கள். பாதை பிரிக்கும் கயிற்றை நான் அலசியபோதுகூட பலத்த கைதட்டல் கிடைத்தது.

3. இனிச் சொல்லவிருப்பது, எல்லோரும் “வாயாடி” என்று கூப்பிடும் மாணவியைப் பற்றி. அவள் அப்பா தொற்று நோயாளிகள் வார்டில் துப்புரவுப் பணியாளர். அதனால் அவள் நாற்பது நாளாகச் சித்தி வீட்டில் இருந்தாள். அப்பாவைத் தெருவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. இருந்தும் சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். பயிற்சியாளரும் நானும் அதற்கு வளைந்து கொடுத்து, அவளைக் கடைசியாக, தனியாக நீந்த வைத்தோம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

4. மாலை நான்கரை மணி. மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். காற்றே இல்லை. அரை வருடம் பூட்டிக் கிடந்த குளத்தில் மேகங்கள் அசையாமல் படுத்திருந்தன. பயிற்சியாளர் மணியடித்ததும் அவள் சுவரை உதைத்து மல்லாந்து கிளம்பினாள். மேகங்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஐயா, நேரம் குறிப்பவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், நீந்துபவரைப் பார்க்காதே, சுவரைப் பார் என்பது. கை சுவரைத் தொடும் கணம் மட்டும்தான் எங்கள் வேலை. பதினோரு வருடமாக நான் சுவரைத்தான் பார்த்து வந்தேன். அன்று அவளைப் பார்த்துவிட்டேன். முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டுமே மாதக்கணக்கில் பார்த்துப் பழகிய எனக்கு, வானத்தைப் பார்த்து வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே போகும் ஒரு முழு முகம் தெரிந்தது. சுவர் நெருங்குவதைக் காட்டும் கொடிக் கயிற்றுக்கு அடியில் போனாள், திரும்பினாள், வந்தாள். அந்த ஐம்பது மீட்டரிலும் எனக்கு நோய்ப் பயம் என்பதே இல்லை.

5. தெருவில் ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டுத்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. அது அவள் அப்பா. தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றே, மகள் முடித்துவிட்டாள் என்று கண்டுகொண்டார். என் கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாய் ஓயாத அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி “எவ்ளோக்கா?” என்று மட்டும் கேட்டாள். “நல்லா நீந்தினம்மா” என்றேன். அவள் கேட்டது அதையல்ல.

6. “குத்துமதிப்பா முப்பத்தேழு நொடின்னு போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் பயிற்சியாளர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நொடியில் நூறில் ஒரு பங்கில் இடத்தை இழந்து அழுத பிள்ளைகளுக்கு இதே கையால் துண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனவே முடிவுத் தாளில் அவள் நேரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஓரத்தில் “என் தவறு” என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். அதற்குக் கை வரவில்லை. அந்த வெற்றுக் கட்டத்தைத்தான் தங்கள் அலுவலகம் “நீந்தி முடிக்கவில்லை” என்று நிரப்பியிருக்கிறது.

7. காரணத்தைச் சொல்லாமல் மழுப்பி நான் எழுதிய முதல் மனுவுக்கு, ஆதாரம் இல்லை என்றும், ஒருவருக்காகக் குளத்தைத் திறக்க விதியில் இடமில்லை என்றும் பதில் வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்பதுதான் விதி. ஒருவர் தனியாக நீந்துவதைவிடக் கூட்டமில்லாத போட்டி எதுவென்று பணிவுடன் கேட்கிறேன்.

8. இந்தப் போட்டியின் நேரங்களை வைத்து அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் தேர்வுப் பட்டியல் இம்மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அடுத்த மாதம் அவளுக்குப் பதினான்கு வயது. இந்தப் பிரிவில் இனி நீந்த முடியாது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது மட்டுமல்ல. அவள் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சித்தி வந்து நீச்சல் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனபோது சொன்னார்: தன் வேலையால்தான் மகள் பெயர் விட்டுப்போனது என்று அப்பா நம்புகிறார், அவளும் அப்படியே நம்புகிறாள். அது உண்மையல்ல, ஐயா. காரணம் நான்.

9. ஆகவே, அவள் முழுத் தூரமும் நீந்தினாள் என்பதற்கு இம்மனுவையே என் வாக்குமூலமாகக் கொண்டு பதிவைத் திருத்தவும், பிழை என்னுடையது என்று அவள் அப்பாவுக்கு அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்பவும், முப்பதாம் தேதிக்குள் அவள் மறுபடி நீந்த ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கவும் வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். அன்று கடிகாரங்களை வேறு மூவரிடம் கொடுங்கள். என் நாற்காலி காலியாக இருக்கும். அது மற்றவற்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே போடப்பட்டிருக்கிறது. அதில் அவள் அப்பாவை உட்கார அனுமதிக்க வேண்டும். அவர் நேரம் குறிப்பவர் அல்ல. சுவரைப் பார்க்க வேண்டியதில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்துக் குளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும்,

(ஒப்பம்)
நேரம் குறிப்பவர்
(பிள்ளைகளுக்கு, கடிகார அக்கா)

இடம்: நீச்சல் குளத்து அலுவலக அறை
நாள்: செப்டம்பர் 14