மின்சாரம் போனால் மூட வேண்டியது

ஜனவரி 6

இன்றும் வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். பிரசவ ஆஸ்பத்திரியின் மொத்தச் சூடும் குளிரும் அந்த ஒரு தாளில் இருக்கிறதாம். எனக்குக் கோடுதான் தெரிகிறது. வெளிக்காற்றை உள்ளே விடும் தகடு — டேம்பர் — படத்தில் மூடிக் கிடக்கிறது. மூடியிருந்தால் காற்று எப்படி வரும்? அண்ணியிடம் கேட்கப் பயம். என் கணவருடைய அக்கா; ஆஸ்பத்திரியில் இந்தப் பராமரிப்பு வேலையை வாங்கிக் கொடுத்தவர்; எனக்கு மேலதிகாரியும் அவர்தான். "மாசக் கடைசில படத்தை வச்சுக் கேள்வி கேப்பேன். தெரியலைன்னா வேலை இல்லை. தம்பி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 9

தூக்கம் இல்லை.

ஜனவரி 13

புரிந்துவிட்டது! ஒரு கர்ப்பிணிக்காக வாசல் கதவைத் தள்ளிப் பிடித்திருந்தேன். கையை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்துச் சாத்தியது. படமும் அப்படித்தான் — கையை எடுத்த நிலை. மின்சாரமே இல்லாத கட்டிடத்தைத்தான் வரைந்திருக்கிறார்கள். மின்சாரம் வந்தால் டேம்பர் திறக்கும், போனால் ஸ்பிரிங் மூடும். தூங்குகிறவள் படத்தைப் பார்த்து, ஏன் நடக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14

புரியாமலே இருந்திருக்கலாம்.

வடிகட்டி மாற்ற, காற்றை உள்ளே அனுப்பும் மொட்டைமாடி இயந்திரத்தை நிறுத்தினேன். மூட வேண்டிய டேம்பர் ஆவென்று திறந்தது. போன வாரம் அதன் மோட்டாரை மாற்றியது அண்ணி. அப்போதிருந்துதான் நர்ஸ்கள் புழுக்கம் புழுக்கம் என்கிறார்கள்; இயந்திரம் ஓடும்போது டேம்பர் மூடியே கிடக்கிறது போல. தலைகீழாக மாட்டிவிட்டாரா? இல்லை, நான்தான் தப்பாகப் படிக்கிறேனா? சனிக்கிழமை பழுதுபார்க்க மின்சாரத்தை நிறுத்தப் போகிறார்கள். இந்தக் குளிர்நாட்டு ஜனவரியில் வெளியே உறைபனி. அந்தக் காத்து உள்ள பாஞ்சா, இயந்திரத்துல காத்தைச் சூடாக்குற வெந்நீர்க் குழாய்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சிடும். பச்சைக் குழந்தைங்க இருக்கிற இடம்! சொன்னா என் வேலை போகுமோ? சொல்லாட்டி?



ஜனவரி 15

மென்று விழுங்கிச் சொல்லிவிட்டேன். அண்ணி என் முகத்தையே பார்க்கவில்லை. "நேத்து வந்தவ நீ" என்றார். ஒரே பஸ்ஸில் ஒரே வீட்டுக்கு வந்தோம். அவர் முன் சீட்டில், நான் கடைசிச் சீட்டில்.

ஜனவரி 16

காலையில் அவரே மாடிக்குக் கூப்பிட்டார். "நிறுத்து."

நிறுத்தினேன். டேம்பர் திறந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. தகட்டைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு, "ஸ்பேனரை எடு."

திருப்பி மாட்டினோம். மறுபடி நிறுத்தினேன் — மூடிக்கொண்டது. "வீட்ல சொல்ல மாட்டேன் அண்ணி" என்றேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார்.

ஜனவரி 17

மின்சாரம் போய் வந்தது. குழாய் பத்திரம்.

சாப்பிடும்போது இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, இவ அங்க ஏதாவது உருப்படியா பண்றாளா?"

அண்ணி தட்டிலிருந்து நிமிரவில்லை. "நான் தலைகீழா மாட்டினதை இவதான் கண்டுபிடிச்சா. அந்தத் தண்ணிய இப்படித் தள்ளு."

ஜக்கைத் தள்ளினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் மேசையில் கொட்டிவிட்டது.