நான் சொன்ன ஆமென்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் காற்று. மாடியில் காயப் போட்ட துணியை மறுபடி அலச வேண்டும். காஸ் புக் செய்தாயிற்று. இவருக்கு சுகர் மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது.

7 மணிக்கு அமெரிக்காவிலிருந்து ஜெனி. அங்கே அப்போது ராத்திரி எட்டரை. சும்மா பேசக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"அம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சிடுச்சு."

பதினேழாவது வாரம்.

என்ன நிறம், வாடை உண்டா, ஜுரம், வலி. வரிசையாகக் கேட்டேன். கொருக்குப்பேட்டை பிரசவ வார்டில் நர்ஸாக முப்பத்தோரு வருஷம் கேட்ட அதே கேள்விகள். குரல் நடுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சொன்னது: பனிக்குட நீர் முழுக்கப் போய்விட்டது, குழந்தை பிழைக்காது. ஆனால் இதயம் துடிக்கிறது. துடிக்கும்வரை அந்த மாநிலச் சட்டப்படி கை வைக்க முடியாது. துடிப்பு தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் தாய் உயிருக்கு ஆபத்து என்று ஆக வேண்டும். அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஆபத்து வர்ற வரைக்கும் வீட்ல படுத்திருக்கணுமாம்மா?"

நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் ஜுரம் பார் கண்ணு என்றேன்.

இவர் இட்லியைப் பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம் காத்திருந்து வந்த குழந்தை.

ஜூலை 9, புதன்

ஜெ. அனுப்பியது:
காலை 98.6, நாடி 84
மதியம் 98.8, நாடி 88
சாயங்காலம் பதில் இல்லை. தூங்கியிருப்பாள்.

மாத்திரை வாங்கியாயிற்று. மாவு புளித்துவிட்டது.

சாம் பேசினான். எங்கள் மருமகன். வியாசர்பாடிப் பிள்ளை, எங்கள் ஜெப வீட்டில் கிதார் வாசித்து வளர்ந்தவன். "அத்தை, சபையில சங்கிலி ஜெபம் நடக்குது. மணிக்கு ஒருத்தர். பாஸ்டர் அற்புதம் நடக்கும்னு சொல்றார்" என்றான். அவன் குரலில் நம்பிக்கையைவிட பயம்தான் அதிகம். அவனைக் கோபிக்கவும் முடியவில்லை.

இதை இங்கேயாவது எழுத வேண்டும். சாமின் சபைப் பாஸ்டர் அந்த ஊர் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்று பிரசங்கத்திலேயே சொல்வார். இந்தச் சட்டம் வர வேண்டுமென்று சபையாரைக் கூட்டிப் போய் சட்டசபை வாசலில் உபவாச ஜெபம் நடத்தினார். கவர்னர் கையெழுத்துப் போட்டபோது பின்னால் நின்ற கூட்டத்தில், மூன்றாவது வரிசையில், எங்கள் சாம். அந்தப் போட்டோ இங்கே எங்கள் ஜெப வீட்டு வாட்ஸ்அப்பிலும் வந்தது. 'நம்ம பிள்ளை' என்று போட்டார் எங்கள் பாஸ்டர். அந்த ஞாயிறு சட்டத்துக்காக நன்றி ஜெபம். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான். மருமகன் பெருமை.

முப்பத்தோரு வருஷம் வார்டில் நின்றவள். அன்றைக்கு ஒரு பெண்ணின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

காலை 99.2, நாடி 96. ஏறுகிறது.

சாம் ஜெனியை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். இன்னும் ஜுரம் போதாதாம். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் லேடி டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, "நீ என் தங்கையா இருந்தா இன்னிக்கே பக்கத்து மாநிலத்துக்குப் போகச் சொல்லுவேன். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாளாம். அந்தப் பெண்ணும் பாவம், பயந்துபோய் இருக்கிறாள்.

பக்கத்து மாநிலம் காரில் ஆறு மணி நேரம். சாம் காத்திருக்கலாம் என்கிறான்.

நெட்டுக்குப்பம் கஸ்தூரி மீன் கொண்டு வந்தாள். வஞ்சிரம் இல்லை, சங்கராதான்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். கூடையை இறக்கிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் ஐந்தாம் மாசத்தில் இதே மாதிரி உடைந்து என் வார்டுக்குத்தான் வந்தாள். டாக்டரம்மா அன்று சாயங்காலமே மருந்து கொடுத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்து, பெரியவள் இப்போது காலேஜ்.

"அன்னிக்கி எந்த மந்திரியாண்ட போய் கேட்டீங்கோ? டாக்டரம்மா பாத்தாங்கோ, மருந்து குடுத்தாங்கோ, நான் பொழச்சிக்கினேன். அங்க மட்டும் இன்னாத்துக்குக்கா நடுவுல சட்டம் பூந்துகினு கீது?"

நாங்கள் ஜெபம் பண்ணித்தான் பூந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. மீனுக்குக் காசு வாங்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் ஜெப வீடு. ஜெனிக்காக விசேஷ ஜெபம். முப்பது பேராவது இருக்கும். அவளை ஞாயிறு வகுப்பில் தூக்கி வளர்த்த பெண்கள். ஸ்டெல்லா அக்கா முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். இந்த அன்பைப் பொய் என்று யார் சொல்வது? பாஸ்டர் ஜெபித்தார்: "சிசுவைக் காக்க நல்ல அதிகாரிகளையும் நல்ல சட்டத்தையும் தந்த தேவனே." எல்லோரும் ஆமென். நான் மட்டும் ஆமென் சொல்லாமல் எழுந்தேன்.

வெளியே வந்தால் இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிற மனுஷன்.

"இன்னா சொல்றாங்கோ?"

"காத்திருக்கச் சொல்றாங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். மார்க்கெட் முனையில் சைக்கிளை நிறுத்தினார். பிறகு, "மேரி, சாத்தாங்காட்டுல நான் கிரேன் ஓட்டுனப்ப கீழ நிக்கிறவன் கை காட்டுனாத்தான் தூக்குவேன். அவனுக்குத்தான் இரும்பு தெரியும். இதுல உனக்குத்தான் தெரியும். நீ இன்னாத்துக்கு வாய மூடிகினு கீற?" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

6.40. நானே கூப்பிட்டேன். 99.9. நாடி 112. குளிர்கிறது என்றாள். வாடை வருகிறதா என்றேன். "லேசா" என்றாள்.

போனை சாமிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சாம், நான் இப்ப அத்தையா பேசல, நர்ஸா பேசறேன். தண்ணி இல்லாம குழந்தைக்கு நுரையீரல் வளராது. இந்த மாசத்துல இப்படி ஆகி ஒண்ணுகூட பொழச்சு நான் பாத்ததில்லை. ஜெனிக்கு உள்ளே கிருமி ஆரம்பிச்சாச்சு. அது ஓடற வேகத்துக்கு ஜெபம் ஓடாது."

"துடிப்பு கேட்டேன் அத்தை. இன்னிக்கும் கேட்டேன். நானே போய் எப்படி…"

"தெரியும்டா."

"அந்தச் சட்டத்துக்கு நான் நின்னேனே அத்தை."

"நானும் ஆமென் சொன்னேன். இப்ப திருப்பி எடுத்துக்கறேன். கர்த்தர் என்னைக் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ அவளை வண்டியில ஏத்து."

அழுதான். சின்னப் பையன் மாதிரி விசும்பல். பின்னால் ஜெனி, "சாம், தலகாணி எடுத்துக்கோ" என்று சொல்வது கேட்டது.

7.30 கிளம்பினார்கள்.
8.50 பெட்ரோல் பங்க். தண்ணீர் குடித்தாள்.
10.15 ஜுரம் 101.
கரண்ட் போனது. போனில் சார்ஜ் 20. இவர் எதிர் மெடிக்கல் ஷாப் இன்வெர்ட்டரில் போட்டு, பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு செய்திக்கும் ரோட்டைத் தாண்டி ஓடி வந்து காட்டினார்.
11.40 "எல்லை தாண்டிட்டோம் அத்தை."
1.25 உள்ளே எடுத்துக்கொண்டார்கள். 102.6.

கஸ்தூரி வந்து கூடவே இருந்தாள். ரசம் வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை.

5.50. முடிந்தது. ஜெனி நன்றாக இருக்கிறாள். கர்ப்பப்பைக்கு ஒன்றுமில்லை. ஊசிமருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

இவர் பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்.

ஜூலை 12, சனி

தூறல். துணி எடுக்க மறந்துவிட்டேன்.

பெண் குழந்தை. அங்கே நர்ஸ் சின்னத் துணியில் சுற்றி சாமிடம் கொடுத்தாளாம். "ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிட்டா அத்தை. ஜெனி விரல் எண்ணிப் பாத்தா. பத்தும் இருந்துச்சு." பெயர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் மட்டும் சொன்னார்கள், அதனால் இங்கேகூட எழுதவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. வாட்ஸ்அப்பில் முன்னாடியே 'அற்புத சுகம்' என்று போட்டிருந்தார்கள். பாஸ்டர் மைக்கை நீட்டினார். "சிஸ்டர் வந்து சாட்சி சொல்லுவாங்க."

எழுதிக்கொண்டு போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். பனிக்குடம், ஜுரம், ஆறு மணி நேரம், பக்கத்து மாநிலத்தில் செய்தது. "சட்டம் என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புச்சு. அந்தச் சட்டத்துக்கு இதே இடத்துல நின்னு ஆமென் சொன்னவ நான். சாக இருந்தது என் பொண்ணு. இனி அதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன். இதான் என் சாட்சி."

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றார். என்ன ஜெபித்தார் என்று காதில் விழவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டெல்லா அக்கா வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். "எனக்கு மூணாவது அப்டித்தான் போச்சு மேரி. யார்கிட்டயும் சொன்னதில்ல." பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

ரேஷன். சர்க்கரை இல்லையாம், நாளை வரச் சொன்னார்கள்.

ஜெனி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜுரம் இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டாளாம்.

நான் சொன்ன சாட்சி சாமின் பாஸ்டர் காதுக்கும் போய், போன் செய்திருக்கிறார். இரண்டு பேரும் வரும் ஞாயிறு சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஜெனி தூங்கறா, எழுப்ப மாட்டேன்னு சொன்னேன் அத்தை."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும் தூங்குவா."

ஜூலை 15, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

காலையில் சாம், அவசரமாக. ஜெனிக்குப் பால் கட்டிக்கொண்டதாம். மார்பு கல் மாதிரி, தொட்டால் கத்துகிறாள். குழந்தை இல்லையே, எப்படிப் பால் வரும் என்று கேட்கிறான். உடம்புக்கு அது தெரியாதுடா என்றேன்.

இங்கே என்றால் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவோம். அங்கே மல்லிகைக்கு எங்கே போவான்? முட்டைக்கோஸ் இலையை ஃபிரிட்ஜில் வைத்து, நரம்பைத் தட்டி, மார்பின் மேல் வைக்கச் சொன்னேன். வாடினால் மாற்ற வேண்டும். பிழியவே கூடாது.

அரை மணி கழித்து வீடியோ கால். கடையில் நிற்கிறான். இரண்டு கையிலும் இரண்டு கோஸ்.

"அத்தை, பச்சையா, ஊதாவா?"

பச்சை என்றேன்.