பேட்டி முடிந்த பிறகு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. முந்தாநாள் என் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். உன் கட்டுரை வரும் ஆய்விதழுக்கு மெய்ப்புத் திருத்துவது அவர்தான் என்பது உனக்கு மறந்தே போயிற்றா? 'பங்கேற்பாளர் ஏழு: வயது முப்பத்து நான்கு, பல் மருத்துவமனை வரவேற்பாளர், இரட்டைப் பெண்களின் தாய்.' பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடுமா?

ஒரு வாரம் என் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து வார்த்தைகளை எண்ணினாய். நாளொன்றுக்குக் குழந்தைகளிடம் நாலாயிரம், கணவரிடம் நாற்பத்தொன்று. அதற்குச் சம்மதித்தேன். பேட்டிக்கும் சம்மதித்தேன். ஆனால் "பேட்டி முடிஞ்சுதுடி, டீ போடு" என்று நீ சொன்ன பிறகுதானே நான் அழுதேன்? "அவர் எதிர்ல வந்தாலே வாய் கட்டிப்போகுது. குழந்தைங்க இல்லன்னா என்னைக்கோ போயிருப்பேன்." அதை நான் என் அக்காவிடம் சொன்னேன்.

தாளில் அப்படியே இருந்த அந்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருக்கிறார் மனுஷன். பிறகு கேட்டார்: "உங்க அக்காகிட்ட சொன்னத எங்கிட்ட ஏன் சொல்லல?"

இன்னும் அச்சேறவில்லை. அந்த வரியை எடுத்துவிடு, அக்கா.

உன் தங்கை

மார்ச் 9

என் செல்ல வாயாடிக்கு,

கோபத்திலும் நீளமாகத்தான் எழுதுகிறாய். மன்னித்துவிடு. கருவியை அணைக்க மறந்தது நிஜம். பிறகு பதிவைக் கேட்டபோது அழிக்க மனம் வரவில்லை, அதுவும் நிஜம். நாற்பத்தொன்று என்ற எண் எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதை நீ ஒருத்திதான் சொல்லியிருக்கிறாய். அந்த வரி போனால் கட்டுரையே படுத்துவிடும், எனக்குக் கிடைக்கவிருக்கும் நிரந்தர வேலையும் அதோடு போகும். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டுகிறேன், உனக்குத் தெரியாததா?

உன் வயதையும் வேலையையும் மாற்றிவிடுகிறேன். ஒரே ஒரு உதவி. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அந்த வரிக்குத் தனிச் சம்மதம் கேட்கிறது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, பேட்டி நடந்த ஜனவரி பன்னிரண்டையே தேதியாக எழுதி அனுப்பு. மாப்பிள்ளையிடம் நான் வந்து பேசுகிறேன். குழந்தைகளுக்கு முத்தம்.

என்றும் உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் வீடு என்ன ஆயிற்று என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். "அப்பா எப்ப வருவாரு?" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறார்கள்.

என் வயதையும் வேலையையும் மாற்றுவாயாம். மற்றவர்களுக்கு என்னென்ன மாற்றியிருக்கிறாயோ. நீ எழுதுவதை இனி எப்படி நம்புவது? வெளியாள் ஒருத்தி வந்திருந்தால் நான் அழுதிருக்கவே மாட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி, இன்றைய தேதி. 'பேட்டி முடிந்ததென்று சொன்ன பிறகு எனக்குத் தெரியாமல் பதிவானது, பயன்படுத்தச் சம்மதமில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அடியில் குழுவின் முகவரி இருந்தது. காலையில் நேராக அங்கேயே அனுப்பிவிட்டேன்.

உனக்கு இந்தக் கடிதம் மட்டும்.