வண்டி நிக்கல

ஜூன் 2
பழைய பம்ப் ஒன்று காலையிலிருந்து என் பிராணனை வாங்கியது. வாஷர் மாட்டினால் ஒழுகுகிறது, மாட்டாவிட்டாலும் ஒழுகுகிறது. பட்டறையைப் பூட்டும் நேரத்தில் என் தம்பி மனைவி வந்தாள். "அண்ணி, அவரு இந்தப் பக்கம் வந்தாரா?" வரவில்லை. எங்கேயாவது நின்று அரட்டை அடித்துக்கொண்டிருப்பான். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவன்.

ஜூன் 3
வண்டி கிடைத்துவிட்டது. அவன் கிடைக்கவில்லை.

தம்பிக்குத் தண்ணீர் வாரியத்தில் குழாய்ப் பாதையைச் சுற்றிப் பார்க்கிற வேலை. மேடு பள்ளம் பார்க்காமல் ஏறும் நாலு சக்கர பைக் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறான். அந்தத் தவளை ஏரிக்கரையில், முன் சக்கரம் இரண்டும் தண்ணீரில், சாவி போட்டபடி நின்றதாம். ஏரியில் ஆட்கள் முங்கித் தேடுகிறார்கள்.

போலீஸ்காரர் வண்டியை என் பட்டறையில்தான் இறக்கினார். ஊரில் இதைக் கழற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "பிரேக் பிடிக்கலைன்னு வீட்டுக்கு ஃபோன் பண்ணியிருக்கார்மா. சரிவுல நேரா தண்ணிக்குள்ள போயிருக்கார். பாத்து எழுதிக் குடுங்க."

பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஜூன் 4
கோளாறு ஐடிலிங்கில். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் மெதுவாக, சீராக ஓட வேண்டும். இது நாலு துடிப்பு துடிக்கிறது, ஒன்றை விழுங்குகிறது, மறுபடி துடிக்கிறது. பிளக் மாற்றினேன். வால்வு பார்த்தேன். ரப்பர் குழாயில் விரிசல் இல்லை. அப்படியே இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன தோன்றியதோ, "டேய், எங்கடா இருக்க?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

இன்ஜின் தணிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிற மாதிரி. பிறகு அணைந்தது.

திரும்ப ஸ்டார்ட் செய்தேன். நன்றாக ஓடவிட்டு, திரும்பக் கூப்பிட்டேன். திரும்ப அணைந்தது. அடுத்த தடவை நான் கூப்பிடவில்லை. பயம். பேய் வந்தாலும் ஸ்பானரைக் கொடுத்து வேலை வாங்குவாள் என்று என்னைச் சொல்வார்கள். இன்று ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன்.

தம்பி மனைவி வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்கிறாள். "அண்ணி, அது அவரு தூங்குறப்ப மூச்சு விடற மாதிரியே இருக்கு. ஆஃப் பண்ணுங்க." எரிந்து விழுந்தேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

ஜூன் 5
கார்புரேட்டரைக் கழற்றினேன். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற ஊசித் துளையில் வெள்ளைப் பொடி அடைத்திருக்கிறது. ஏர் ஃபில்டர் முழுக்க அதே பொடி. ஏரிக்கரையில் எல்லாம் கறுப்பு வண்டல். வெள்ளை ஏது? மலைக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கிற சுண்ணாம்புக் குவாரியில்தான். தம்பி பார்க்கிற வாரியக் குழாய் அதன் வழியாகத்தான் போகிறது.

ஊதிச் சுத்தம் செய்து மாட்டி, பிரேக்கை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் அலறியது. ஐடிலிங் வேகத்தைக் கூட்டுகிற ஸ்குருவை யாரோ முட்ட முட்ட முறுக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தளர்த்த ஸ்குருடிரைவர் எடுக்கப் பிரேக்கை விட்டேன்.

வண்டி கிளம்பிவிட்டது. மேலே யாரும் இல்லை. ஆக்சிலேட்டரை யாரும் தொடவில்லை. ஹேண்டில் ஆடாமல், அவசரமே இல்லாமல், பட்டறை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போனது. யாரோ ஓட்டிக்கொண்டு போவது போலவே இருந்தது. தண்ணீர் டிரம்மில் முட்டித்தான் நின்றது.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. கியரில் இருந்திருக்கிறது. தானாகப் பிடிக்கிற கிளட்ச். இன்ஜின் மெதுவாக ஓடினால் வண்டி அசையாது, வேகம் கூடினால் கிளம்பிவிடும். அந்தச் சோம்பேறி இறங்கும்போது கியரை எடுக்கவே மாட்டான்.

தம்பி மனைவியிடம் ஓடினேன். "ஃபோன்ல என்ன சொன்னான்? அவன் வார்த்தைய அப்படியே சொல்லு."

"'வண்டி நிக்கல, லேட்டாகும்'னாரு அண்ணி. பிரேக் பிடிக்கலன்னுதானே அர்த்தம்?"

இல்லடி, இல்ல! அவன் இந்தப் பட்டறையில் வளர்ந்தவன். பட்டறைப் பேச்சில் "வண்டி நிக்கல" என்றால் ஐடிலிங் நிற்கவில்லை, அணைந்து அணைந்து போகிறது என்று அர்த்தம். ஓட மாட்டேன் என்கிற வண்டியை அவன் சொன்னான். ஓடிப்போகிற வண்டி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அணையாமல் இருக்க அவன்தான் ஸ்குருவை முறுக்கியிருக்கிறான். குவாரி கேட்டைத் திறக்க இறங்கியிருப்பான். அடைப்பு சற்று விலகியதும் இன்ஜின் வேகமெடுத்து, வண்டி அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அங்கிருந்து ஏரி வரைக்கும் சக்கரத் தடம் பள்ளமாக விழுந்த பாதை. ஆள் இல்லாவிட்டாலும் வழி மாறாது. அவன் ஏரிக்கே வரல. தண்ணில இல்ல அவன்.

போலீஸ்காரருக்கு ஃபோன் செய்தேன். "ஒரு வார்த்தைக்காக ஆளுங்கள மலை ஏறச் சொல்றீங்களாம்மா?"

"ஆமா சார். நீங்க ஏறலன்னா நான் ஏறுறேன்."

ஜூன் 6
உயிரோட இருக்கான். உயிரோட இருக்கான்.

ஜூன் 9
ஆஸ்பத்திரியில் இன்றுதான் பேசினான். வண்டியைப் பிடிக்கக் குறுக்கே ஓடியவன் குவாரியின் பழைய குழிக்குள் விழுந்திருக்கிறான். கால் முறிந்து, ஃபோனும் நொறுங்கி, மழைத் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறான். தம்பி மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, மேல வரைக்கும் வந்துட்டு ஏன் எட்டிப் பாக்கல?"

"யாருடா வந்தது?"

"நீதான். தவளைச் சத்தம் எனக்குத் தெரியாதா? விட்டு விட்டு ஓடுச்சு. 'எங்கடா இருக்க'ன்னு கேட்ட. 'இங்கதான்'னு கத்தினேன். என் சத்தம் கேக்கட்டும்னு இன்ஜினை ஆஃப் பண்ணின. ரெண்டு தடவ. அப்புறம் நீ கூப்பிடவே இல்ல."

காய்ச்சலில் அப்படித்தான் தோன்றும் என்று டாக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். பட்டறைக்கும் குவாரிக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது. தம்பி மனைவியின் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது.

ஜூன் 12
வண்டியை வாரியத்தில் ஒப்படைத்தோம். ஸ்குருவைச் சரியாக வைத்து, டேங்கை நிரப்பி, மூடியையும் இறுக்கினேன். தம்பி மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சாவியைப் போடக் கை போனது. இன்னும் யார் காதில் விழுமோ, யார் பதில் சொல்வார்களோ? கையை எடுத்துவிட்டேன். வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். அவளாகவே பின்னால் வந்து கை கொடுத்தாள். தெரு நெடுக இருவரும் தள்ளிக்கொண்டே போனோம்.

கேட்டில் காவலாளி சிரித்தார். "என்னம்மா, பெட்ரோல் இல்லையா?"

"ஆமாண்ணே, தீந்து போச்சு" என்று எனக்கு முந்தி அவள் சொன்னாள்.