ஐந்து மணி ஆறு நிமிடத்தில் நான் பார்த்தது

நவம்பர் 8, வெள்ளி

நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிட்டு வந்தேன். நாளை மான் வேட்டை சீசன் திறக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு நாளாக வேறு பேச்சே பேசவில்லை. கணவர் வெண்டலுக்கு இடுப்பு வலி, இந்த வருடம் காட்டுக்கு வரமாட்டார். சமையல் தன் பொறுப்பு என்கிறார். அதனால் நானும் கொழுந்தன் ராட்னியும் மட்டும்தான். அவன் ஆற்றுப் பக்கம், நான் தேவதாரு சதுப்பின் ஓரத்துப் பரணில்.

அட்டவணைப்படி நாளை சுடலாம் என்ற நேரம் காலை 6.37 முதல் மாலை 5.10 வரை. சூரியன் எழ அரை மணிக்கு முன்னால் தொடங்கி, விழுந்து அரை மணி வரை. கடிகாரத்தை ரேடியோவோடு ஒத்து வைத்தேன்.

நவம்பர் 9, சனி

எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

காலையில் ஒன்றும் வரவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பப் பரண் ஏறினேன். ஐந்து மணி ஆறு நிமிடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. அப்போதுதான் மரங்களுக்கு நடுவே அது நகர்ந்தது. எண்பது கஜம் இருக்கும். பழுப்பு உடம்பு. துப்பாக்கி ஸ்கோப்பில் பார்த்தேன். கொம்பு! எண்ணக்கூட முடிந்தது, பக்கத்துக்கு நான்கு கிளை, வலப்பக்கத்தில் ஒன்று மட்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. தலையை உயர்த்தி என் பக்கம் ஆட்டியது. சேஃப்டிப் பூட்டைத் தள்ளினேன். விரல் விசை மேல் இருந்தது.

சுடவில்லை.

அது மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. 5.10 ஆனதும் குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு இறங்கினேன். எரிச்சலாக வந்தது. நேரம் இருந்தது, கொம்பு தெரிந்தது, ஏன் விட்டேன்?

சாலை வழியாகச் சுற்றி மெதுவாக வீட்டுக்கு வந்தால் ராட்னி கொட்டகையில் தன் மானைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். நாலரைக்கே சுட்டுவிட்டானாம். என் வெறும் கையைப் பார்த்துச் சிரித்தான். "வருஷா வருஷம் பரணுக்குக் காவல் காக்கறீங்களே அண்ணி, அங்கேயே ஒரு காப்பிக்கடை போட்டுடுங்க."

விளக்கு வெளிச்சத்தில் மானின் தலையைப் பார்த்தேன். வலப்பக்கம், ஒரு கிளை கீழே வளைந்திருக்கிறது.

எந்த வழியாக இழுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். சதுப்பு வழியாகத்தானாம். ஆற்றோரமாகச் சுற்றினால் முதுகு போய்விடுமாம். அவன் பழுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படவேண்டும் என்று போடும் ஆரஞ்சுக் கோட்டு பையில் சுருட்டிக் கிடந்தது. வேர்த்துக் கொட்டியதால் கழற்றினேன் என்றான்.

கை கழுவிவிட்டு சூப் குடித்தேன். எல்லாருக்கும் ஊற்றினேன். எனக்கு ருசி தெரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

துப்பாக்கி இல்லாமல் போய்ப் பார்த்தேன். வேறு மானாக இருந்துவிடாதா என்று ஒரு ஆசை. பனியில் உயிருள்ள மானின் குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. பூட்ஸ் தடம், அதை ஒட்டி உடலை இழுத்த தடம், நடுவில் அங்கங்கே ரத்தம். பரணுக்கு நேர் எதிரே குறுக்காகப் போகிறது. ஓரிடத்தில் பூட்ஸ் தடம் பரணைப் பார்த்து நின்றிருக்கிறது.

அப்படியானால் நான் பார்த்தது மான்தான். கொம்பும் பொய்யில்லை. ஆனால் மான் செத்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பழுப்புச் சட்டையில் ஒரு மனுஷன் இருந்தான். அவனை நான் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? எண்பது கஜம். ஆறடி உயரம் அவன். முப்பது வருஷமா கூட உட்கார்ந்து சாப்பிடறவன். கொம்பிலே எத்தனை கிளைன்னு எண்ணினேனே, அந்தக் கண்ணுக்கு ஒரு ஆள் தெரியலையா?

சட்டப்படி எனக்கு நேரம் இருந்தது. முழுசாக நான்கு நிமிடம்.

நவம்பர் 12, செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டில் பஸ் எடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக ஓட்டும் பாதை. ஒவ்வொரு தபால் பெட்டியும் ஆள் நிற்பது போல இருந்தது. பதினான்கு நிமிடம் தாமதம். எதிரே வந்த லாரியின் விளக்கைச் சுற்றி முள்முள்ளாக வெளிச்சம். இது எப்போதிலிருந்து? போன வருடமும் இருந்ததா? பழகிவிட்டதால் கவனிக்கவில்லையா?

நவம்பர் 14, வியாழன்

கண் டாக்டரிடம் போனேன். ஹோல்ம் என்று ஒரு இளம் பெண். வலது கண்ணில் புரை, இடது கண்ணில் ஆரம்பம். பகலில் பரவாயில்லை, வெளிச்சம் குறைந்தால் கஷ்டம் என்றாள். ஜனவரியில் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்யலாம்.

பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், அந்தி நேரத்தில் எண்பது கஜத்தில் ஆளையும் மானையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகுமா என்று. அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பழுப்பு உடை என்றால் நல்ல கண்ணுக்கே முடியாமல் போகலாம், மனம் எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண் முதலில் எடுக்கும் என்றாள். உங்கள் விஷயத்தில் கண்ணா மனமா என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

அப்போ எதுதான்?

நவம்பர் 15, வெள்ளி

பஸ் கொட்டகையில் வண்டிகளைப் பிரித்துக் கொடுக்கும் மேவிஸிடம் கண் விஷயத்தைச் சொல்லி, அறுவை முடியும்வரை இருட்டு நேர வண்டி வேண்டாம் என்றேன். டாக்டர் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டாள். இல்லை. பின்னே ஏன் என்றாள். மதியம் சின்னப் பிள்ளைகளை வீட்டில் விடும் வண்டி மட்டும் இனி எனக்கு. சாவியை அவள் மேஜையில் வைத்தபோது அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தியபிறகு வந்தது.

நவம்பர் 16, சனி

வெண்டலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "நீ சுடலையே. சுடாததை எதுக்குப் போய் அவன்கிட்ட சொல்லணும்? அவன் வாழ்நாள் முழுக்க உனக்கு முதுகைக் காட்டப் பயப்படணுமா?"

அதுவும் சரிதான். சொல்லாவிட்டால் அவன் அடுத்த வருடமும் கோட்டைக் கழற்றிவிட்டு நடப்பான். அதுவும் சரிதான்.

நவம்பர் 17, ஞாயிறு

ராட்னி இறைச்சிப் பொட்டலங்களோடு வந்தான். சொல்லிவிட்டேன். நான் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை, நடுவில் கண் டாக்டர், பஸ் எல்லாம் வந்து குழம்பிவிட்டது.

முதலில் சிரித்தான். பிறகு கேட்டான். "சேஃப்டி எடுத்திருந்தீங்களா?"

"எடுத்திருந்தேன்."

"விரல்?"

"விசை மேலே."

காப்பியை மேஜையில் வைத்தான். குடிக்கவில்லை. கோபமா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினான். ஆனால் அவன் முகம் கோபப்பட்ட ஆளின் முகமும் இல்லை, மன்னித்த ஆளின் முகமும் இல்லை. என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு பொட்டலங்களை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

சீசன் முடிந்தது. நான் திரும்பப் போகவில்லை. ராட்னி இந்த வாரம் ஒரு தடவையும் போன் செய்யவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

சர்ச்சில் பார்த்தேன். அறுவைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டான். வெண்டலால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஓட்ட முடியாது என்றேன். நான் வரேன் என்றான். என்னைப் பார்க்காமல், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஜனவரி 14, செவ்வாய்

அறுவை முடிந்தது, ஒரு கண்ணில் மூடி. பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

போகும் வழியில் ஒன்றரை மணி நேரம் ராட்னி வானிலையைத் தவிர எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாகனத் திடலில் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க பரண்ல இருக்கறது எனக்குத் தெரியும். அதான் நின்னேன். கொம்பைப் பிடிச்சுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து ஆட்டிக் காட்டினேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"உங்களை வெறுப்பேத்த. வேற எதுக்கு. நான் அதுக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தேன்." ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க பஸ்ஸை விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் வாயைத் திறக்கலை. ரெண்டு மாசம்."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. சிரிக்கவும் தோன்றியது. அப்போ கண் இல்லையா, அவன்தானா? ஆனால் புரையும் பொய் இல்லையே, உள்ளே அதை எடுக்கத்தானே ஆள் காத்திருக்கிறார். அவன் தூக்கிக் காட்டியிருக்கட்டும், கொம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவள் நான்தானே? நேரமாகிவிட்டது, வா என்று மட்டும் சொன்னேன். பனி வழுக்கியது. கையைக் கொடுத்தான், பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 15, புதன்

மூடியை எடுத்தார்கள். சமையலறைச் சுவர் வெள்ளையாம். இத்தனை நாள் வெண்ணெய் நிறம் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 18, சனி

ராட்னி வந்தான். அண்ணனும் தம்பியும் வழக்கம் போல ஆவிக்குளியல் அறைக்குப் போனார்கள். அரை மணியில் வெளியே வந்துவிடுவார்கள், இன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. ராட்னி சாப்பிடாமல் அப்படியே கிளம்பிவிட்டான்.

வெண்டல் ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி எல்லாவற்றையும் அவனாகவே சொல்லிவிட்டானாம். சத்தம் போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன், பிறகு போட முடியவில்லை என்றார். அவர் உடம்பிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"அவன் கொம்பை ஆட்டினான். நேரம் இருந்தது. விரலும் விசை மேலே இருந்தது. நீ ஏன் சுடலை, ஆர்டிஸ்?"

"தெரியலை," என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், மேஜையில் ஊற்றி வைத்திருந்த சூப் ஆறும்வரை விடவில்லை.